முழுப்பேர்

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் சூடு சுவரேறி வரும் கந்தோர்.
கடல் இங்கிருந்து நாலரை மணித்தியால பஸ் தூரம்.
என்றாலும் கப்பல் கணக்குத்தான் என் பிழைப்பு.

லோகாம்பிகை வந்தபோது குடை சொட்டிக்கொண்டிருந்தது.
எங்கே வைப்பதென்று கேட்டு மூலையில் சாத்தினாள்.
பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாள்.
ஜோர்தானில் காற்சட்டைத் தொழிற்சாலை. ஒன்பது வருடம்.
பூட்டிவிட்டார்கள்.
கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில்
அவள் இருந்து தைத்த மெஷினையே
பெட்டியடித்து அனுப்பிவிட்டார்கள்.
அது இப்போது கொழும்பில், ஒரு பண்டகசாலையில்.

முதலில் பெயர் வேண்டும் என்றேன்.
புத்தகத்தில் எதற்கும் ஓர் எண் உண்டு.
வீட்டுக்கா, தொழிலுக்கா? புதிதா, பழசா?
ஊசி தனியாக வந்தால் வேறு எண்.
"அதுக்கு நாப்பத்தேழுன்னுதான் பேரு," என்றாள்.
"லைன்ல நாப்பத்தேழாவது."
எந்த லைன் என்று நான் விழித்திருக்க வேண்டும்.
"தைக்கிற லைனுங்க. இருக்கிற லைன்ல நாங்க ஆறாவது."

பொருளின் விலை.
அதனோடு காப்புறுதி:
நடக்காத விபத்துக்கும் ஒரு பெறுமதி.
அதனோடு கப்பல் கூலி:
கடந்துவந்த தூரமும் பொருள்தான், சட்டத்துக்கு.
மூன்றையும் கூட்டி
அன்றைய மாற்று வீதத்தால் பெருக்கி
அதன்மேல் தீர்வை.
தீர்வையையும் சேர்த்துக் கூட்டி அதன்மேல் அடுத்தது.
வரியின் தோளில் வரி ஏறி நின்று
எட்டிப் பறித்த தொகைக்கு
இரண்டு கோடு இழுத்து அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் பேனை கேட்டாள்.

மணிக்கு நூற்றிப்பத்து இடுப்புப்பட்டி
எண்ணியெண்ணிக் கொடுத்த விரல்
என் கணக்கில் மெதுவாக இறங்கியது.
"இந்த நாப்பது டினார் என்னா?"
கப்பல் கூலி.
"தாள்லயே கொழும்பு வரைக்கும்னு போட்டிருக்கே.
நூத்தித் தொண்ணூறுக்குள்ள அது அடங்கிருச்சில்ல?"

அடங்கியிருந்தது.
பதினாறு வருடமாக எனக்கு இதே மேசை.
ஒரே கடலை இரண்டு தரம் கடக்க வைத்திருந்தேன்.
அழித்தேன். கீழே வரைக்கும் எல்லா எண்களும் இளைத்தன.

பண்டகசாலை வாடகை மட்டும் இளைக்கவில்லை.
நாளொன்றுக்கு இவ்வளவு.
ஞாயிறும் உண்டு, போயாவும் உண்டு.
அவள் சிரித்துவிட்டாள்.
"எங்கக்காவுக்குக் கிலோ கொறைஞ்சா அரைப்பேரு.
இது சும்மா படுத்துக்கிட்டே முழுப்பேரு வாங்குதே!"

எங்கே வைத்துத் தைப்பாய் என்றேன்.
"அந்திக்கு எங்க லைன்ல கரண்டு எறங்கிரும்.
விடியக்காலைல தைப்பேன்."

பிறகு படிவத்தில் அந்தக் கட்டம்:
உண்மையில் செலுத்திய விலை.
வழக்கம்போல உரக்க வாசித்துவிட்டேன்.
அவள் யோசித்தாள்.
"மூணு மாசம்... அறுநூத்தி முப்பது டினார்.
ஓ.டி. சேக்காம."

பேனை நின்றது.
அதை எழுதினால் பெறுமதி மூன்று மடங்கு.
பெறுமதி ஏறினால் தீர்வை ஏறும்,
அதன் தோளில் மற்றது.
அவர்கள் பிடித்துக்கொண்ட சம்பளத்துக்கு
இங்கே இவள் வரி கட்டுவாள்.
கூட்டவும் பெருக்கவும் கட்டங்கள் இருந்தன.
கழிப்பதற்கென்று ஒன்றைத் தேடித் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் யாரோ வைத்த கோப்பையின் வட்டம்.

"தாள்ல என்னா இருக்கோ அதைப் போடுங்க," என்றாள்.
நூற்றுத் தொண்ணூறு.
கையெழுத்தை அவளே வைத்தாள்,
சம்பளப் புத்தகத்தில் வைத்துப் பழகிய வேகத்தில்,
பின்னால் இன்னும் முந்நூறு பேர் நிற்பதுபோல.

நாலு பத்து நோர்வூட் பஸ்ஸுக்கு இறங்கியவள்
படியில் பாதியில் நின்று மேலே பார்த்தாள்.
"ஊசி தனி எண்ணுன்னீங்களே...
அதுல ஒரு ஊசி ஏத்தினபடிதான் இருக்கும்.
அதையும் எழுதணுமா?"

மழை இரைச்சலில் கேட்காதவன் போல
மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு
நானும் இறங்கினேன்.
அவள் மறந்துவிட்ட குடை.