தோளுயரம்

சவுனாவில் மூன்று படிகள்.
நாற்பது வருஷம் நாங்கள் மேல்படியில் இருந்தோம்.
அங்கேதான் சூடு நேராக வந்து காதைத் திருகும்.
"கோழைகள் கீழே" என்பான் எண்டல்,
தன் தம்பியைப் பார்த்து, என் அப்பாவைப் பார்த்து,
ஒருமுறை பாதிரியாரைப் பார்த்தும்.

போன மார்ச்சில்
குரெஸ்ஸாரே ஆஸ்பத்திரியில்
அந்தச் சின்ன டாக்டர் பெண்
பேனாவை மூடித் திறந்தபடி சொன்னாள்:
மேல்படி வேண்டாம்.
கீழே, பத்து நிமிஷம், கதவைச் சற்றே திறந்து வைத்து.

காரில் ஏறும்வரை அவன் பேசவில்லை.
ஏறியும் பேசவில்லை.
பெல்ட்டின் கொக்கி மூன்று தரம் தவறியபோது
நான் சாய்ந்து மாட்டிவிட்டேன்.
தீவு முழுக்கப் பனி உருகிக்கொண்டிருந்தது,
சாலையோரம் அசிங்கமாக.

எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை.
முழங்கால் சொன்னது.

மே மாதம் அக்கா ஹில்யா போனாள்.
இங்கே கல்லறையைச் சுற்றி மணல் பரப்பி
மரவாரியால் கோடு கோடாகச் சீவி வைப்பது வழக்கம்.
சீவிக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும்,
நம் காலடியை நாமே அழித்தபடி,
வாசல் வரை.
பாதியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
மணலின் நடுவே
ஒற்றைக்காலில் நாரை மாதிரி நின்றேன்.
எண்டல் என் கோடுகளை மிதித்துக்கொண்டு
என்னைக் கூட்டிப்போக வந்தான்.
அவன் பூட்ஸ் தடத்தை
அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.
ஹில்யா கோபிக்கமாட்டாள்,
அவள் வீட்டுத் தரையிலும் அதே தடம்தான்.

பிர்ச் விறகு காய ஒரு வருஷம் ஆகும்.
இந்த வசந்தத்தில் பிளப்பது அடுத்த குளிருக்கு.
இது எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த கணக்கு;
இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எண்டல் நெட்டை.
கூரையின் விளிம்பைத் தொடுமளவு அடுக்குவான்.
மேல் வரிசையை எடுத்துத் தரச் சொல்லி
ஒவ்வொரு குளிரிலும் கத்துவேன்.
இந்த வருஷ அடுக்கு
சுவரைத் தாண்டி ஆப்பிள் மரம் வரை நீண்டு கிடந்தது.
கூடையோடு பக்கத்தில் போய் நின்றபோதுதான் கண்டேன்:
தோளுயரம்.
அவனுடையது இல்லை, என்னுடையது.
ஒவ்வொரு விறகும்
என் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்திருந்தது.

ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை.
"மழை வரும்போலிருக்கிறது" என்றான்.
"வரட்டும்" என்றேன்.

அன்றிரவு
வாஷிங் மெஷின் முகப்பில் ஒட்டுநாடா ஒட்டி
பெரிய எழுத்தில் எழுதினேன்:
வெள்ளை, அறுபது.
கம்பளி, முப்பது. கவனம்.
அலமாரிக் கதவின் உட்புறம்
உருளைக்கிழங்கு நடும் நாள்,
புகைபோக்கி சுத்தம் செய்பவரின் நம்பர்,
தன் மகள் பிறந்தநாளை மறக்கும் மனிதனுக்காக அதுவும்.
அவனும் ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு நாள் கழித்துப் பார்த்தால்
ஒட்டுநாடாவின் கீழே பென்சிலில்:
எது கம்பளி?

சனிக்கிழமை.
ஜூனிப்பர் கொத்தை வெந்நீரில் நனைத்து
அவன் முதுகைத் தட்டுகிறேன்.
மீன்படகின் கம்பி கிழித்த பழைய தழும்பு
நேர்கோடாக இருந்தது,
இப்போது நெளிந்து தொங்குகிறது.
நன்றாகத் துவைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது தோல்.
சட்டை அதே அளவுதான்,
உள்ளே இருக்கிற ஆள்தான் கொஞ்சம் இளைத்துவிட்டான்.

"கோழைகள் கீழே" என்றேன்.
இருமல் வரும்வரை சிரித்தான்.
இருமல் நிற்கும்வரை முதுகில் கை வைத்திருந்தேன்.
எண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன்,
பதினேழு.

சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால்
நீராவி முதலில் மேலே போகிறது.
காலியான மேல்படியில் சற்று நேரம் இருந்துவிட்டு
பிறகுதான் எங்களைத் தேடி இறங்குகிறது,
காதுக்கு அல்ல, கழுத்துக்கு, முழங்காலுக்கு.

"லெய்டா, போதுமா?"

"போதாது.
இன்னும் ஒரு அகப்பை."