மூன்று, சைபர், ஆறு

பல் பிடுங்கிய கையோடு
துப்பாக்கிக் கடைக்குப் போகக்கூடாதுதான்.
ஆனால் ஊருக்கு விமானம் நாலரைக்கு.
ஃபேர்பேங்க்ஸுக்கு மறுபடி எப்போது வருவேனோ.
இடது கன்னம் என்னுடையதாக இல்லை,
உதட்டைக் கடித்தால்
வேறு யாரையோ கடித்த மாதிரி.

டஸ்டின் என்று சட்டையில் தைத்திருந்த பையன்
"மூஸுக்கா, கரிபூவுக்கா?" என்றான்.
இரண்டு விரல் காட்டினேன்.
இரண்டாவது என்று எடுத்துக்கொண்டான்.

கரிபூவுக்கு இந்த ஆறரை மில்லிமீட்டர் போதுமாம்,
தோளில் தட்டுவதே தெரியாதாம்,
நானூறு கெஜத்துக்கும்
நூல் பிடித்த மாதிரி போகுமாம்.

எங்கள் ஆற்று வளைவில்
நானூறு கெஜம் கிடையாது.
வில்லோ புதர் விலகும்,
ஒரு மூக்கு தெரியும், பிறகு ஒரு மலை தெரியும்.
அதை எப்படிச் சொல்ல.
பஞ்சு கடித்த வாயோடு
இரண்டு கைகளையும் காதுக்கு மேலே
அகல விரித்துக் காட்டினேன்.

பையன் சிரித்துவிட்டான்.
சுவரின் மறுகோடிக்கு ஓடினான்.
முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம்.
கரடியே குறுக்கே வந்தாலும்
கவலையில்லை என்றான்.

பார்க்கா கோட்டைக் கழற்றாமலே
தோளில் வைத்துப் பார்த்தேன்.
கட்டை நீளம், கக்கத்தில் சிக்கியது.
குளிரில் என்னோடு வருவது
கோட்டும்தானே.
அதன் உதை எனக்குத் தெரியும்,
என் அண்ணன் ஒன்று வைத்திருந்தான்.
ஒருமுறை அடிபட்ட தோள்
அடுத்த முறை விசை இழுக்குமுன்
கண்ணை மூடிவிடும்.
மூடிய கண்ணுக்கு எந்தத் தோட்டா பெரிது?
பட்டாலும்,
தோள் இறைச்சியில் பாதி கருஞ்சிவப்புக் கூழாகும்.
சால்மன் வராத வருஷத்தில்
கூழை யாரிடம் கொண்டுபோய்ப் பங்கு வைப்பது?

சின்னத் தோட்டாவும் வேண்டாம்.
அடிபட்ட மூஸ் ஆற்றில் இறங்கிப் படுத்துவிட்டால்
அறுநூறு கிலோ, இடுப்பளவு பனித்தண்ணீர்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை
எங்கள் ஆறு அடிக்கடி சொல்லும்.

டஸ்டின் அட்டவணை எடுத்தான்.
வேகம், வீழ்ச்சி, காற்றில் விலகல்.
நல்ல பையன், ஒவ்வொரு எண்ணையும்
தன் தங்கை பெயர் போலச் சொன்னான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு அட்டவணை:
எங்கள் ஊர்க் கடையில்
டயப்பர் பாக்கெட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே
இரண்டே வகைத் தோட்டாப் பெட்டிகள்.
ஆறரை அங்கே இல்லை. மேக்னம் இல்லை.
தோட்டா தீர்ந்தால்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி
உப்பு கேட்பதுபோலக் கேட்க முடியவேண்டும்.

அப்புறம்,
என் சமையலறை இழுப்பறையில்,
கரண்டிகளுக்கு அடியில்,
பதினொரு தோட்டாக்கள் இருக்கின்றன.

அவற்றின் துப்பாக்கி
போன செப்டம்பரில் எல்மர் இரவல் கேட்டது.
என் தங்கையின் புருஷன். படகு கவிழ்ந்தது.
எல்மர் கரையேறினான்.
அதற்குப் பிறகு அவன்
என் வாசலை ஏறவில்லை.
நானும் கூப்பிடவில்லை.

கை நீட்டிக் காட்டினேன்.
"பழைய சரக்கு" என்றான் டஸ்டின்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.
துருப்பிடிக்காத குழல், கட்டையை ஓர் அங்குலம்
குறைத்துத் தரச் சொல்லி எழுதிக் காட்டினேன்.
காட்டுத்தீ அணைத்த பணம்,
எண்ணிக் கொடுத்தேன். நோட்டில்
இன்னும் புகை வாசம்.

விமானத்தில் பைலட் என்னை எடை போட்டார்,
பையை எடை போட்டார்,
நீளப் பெட்டியை எடை போட்டார்.
யூகான் மேலே பறக்கையில்
கன்னம் எனக்குத் திரும்பி வந்தது,
வலியோடு.

ஓடுபாதை ஓரத்தில்
நான்கு சக்கர வண்டியோடு எல்மர்.
தங்கை அனுப்பியிருப்பாள்.
பெட்டியைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான்.
"என்ன நம்பர்?" என்றான்.

வாய் திறக்க முடியவில்லை.
மூன்று விரல் காட்டினேன்.
பிறகு சைபருக்கு
கையை இறுக்கி மூடினேன்.

எல்மர் ஓர் அடி பின்வாங்கினான்.

ஆறு காட்ட இன்னொரு கை வேண்டும்.
பெட்டியை அவனிடம் நீட்டினேன்.