எண்ணிக்கை

வெள்ளம் வந்து போய் மூன்று வருஷம்.
சபைக்கூடத்துச் சுவரில்
இடுப்புயரத்துக்கு ஓடும் சேற்றுக் கோட்டின் மேல்
இன்னும் யாரும் வண்ணம் பூசவில்லை.
பூசவேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார்கள்.
அதற்குள் காபி ஆறிவிடும்.

கென்டக்கியின் கிழக்கு மூலை.
நிலக்கரி தீர்ந்தபிறகும்
மலை இருமிக்கொண்டிருக்கும் ஊர்.
டயர் கடையில் எனக்கு வேலை.
ஓட்டை எங்கே என்று தண்ணீர்த் தொட்டி சொல்லிவிடும்,
குமிழிக்குப் பொய் தெரியாது.
மனுஷருக்கும் அப்படியொரு தொட்டி இருந்தால்
முதலில் ஓடிப்போயிருப்பேன்,
எதிர்த்திசையில்.

டெல்மஸ் வாரம் ஒருமுறை வண்டியைக் கொண்டுவருவான்.
பின்சக்கரம் இறங்கினமாதிரி இருக்கு கொரிண்டா, என்பான்.
இறங்கவில்லை என்று
அவனுக்கும் தெரியும், அளவுமானிக்கும் தெரியும்.
ஆனாலும் குனிந்து காற்றடிப்பேன்.

வருஷத்தில் ஒரு ஞாயிறு கால் கழுவுவோம்.
ஆண்கள் ஆண்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு.
எனாமல் பேசின், இடுப்பில் துண்டு.
நான் காலுறையைக் கழற்றவில்லை.
நோவெல்லா கழற்றினாள், டெல்மஸின் அக்கா.
விரலிடுக்குகளில் ஊசித் தழும்புகள்,
கையில் நரம்பு அகப்படாமல் போன
நாட்களுடையவை.
பார்த்தாள்.
பார்க்காதமாதிரி நடிக்கவில்லை.
ஒவ்வொரு இடுக்கையும் தனித்தனியே துடைத்தாள்.
தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது,
அதைத்தான் தாங்கமுடியவில்லை.

வெளியே, அவன் வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன்.
உன் அம்மா ஈடா சாகக் கிடந்தபோது
வீடு துடைக்க வந்தவள் நான்.
கட்டிலருகே இழுப்பறை. வலி மாத்திரை.
முதலில் இரண்டு, பிறகு நான்கு.
அவள் முனகல் சமையலறைவரை கேட்டது.
நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

தெரியும், என்றான்.
ராத்திரி ராத்திரி எண்ணினேன்.
எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று
ஒரு வாரம் நினைத்தேன்.
உன் ஏஜென்சிக்குப் போன் பண்ணியது யாரென்று நினைத்தாய்?

அப்புறம் ஜெபம் பண்ணினேன்.

என்னவென்று?

நீ சாகவேண்டுமென்று.
முழங்கால் போட்டு. பேர் சொல்லி.

மலைச்சரிவில் யாரோ நாயை அதட்டினார்கள்.
நாய் அடங்கவில்லை.

கர்த்தர் கேட்கலை, என்றான்.
அம்மா பிழைக்கணும்னு கேட்டேன், தரலை.
சுரங்கம் திறக்கணும்னு கேட்டேன், தரலை.
அவர் தட்டிக்கழிச்சதிலே
இந்த ஒண்ணுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கேன்.

எப்போதிருந்து?

கோயில் சேற்றை வாளியில் அள்ளினாயே,
நாலு நாள், கையுறை இல்லாமல்.
மூணாம் நாள் மத்தியானம்
உன் பேரை மறுபடி சொல்லவேண்டியிருந்தது,
வேற ஜெபத்திலே.

கட்டிக்கொள்ளவில்லை நாங்கள்.
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்து அவன் அழுதான்.
எனக்காக அல்ல. ஈடாவுக்காக.
அந்த அழுகையில் எனக்கு இடம் கிடையாது.
இறங்கி, கதவை ஓசையில்லாமல் சாத்தி
ஜல்லியில் நின்றேன்,
ஈரக் காலில் ஷூ ஒட்டாமல்.

அக்டோபரில் கல்யாணம்.
நோவெல்லா கேக் செய்தாள், ஒருபக்கம் சரிந்திருந்தது.
மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை.
மன்னித்துவிட்டேன் என்று அவன் சொன்னதில்லை.
தலைவலி மாத்திரைப் புட்டியை மட்டும்
மூடியில்லாமல் அலமாரி விளிம்பில் வைப்பேன்.
விளக்கணைக்குமுன் அவன் அந்தப்பக்கம் போவான்.
உள்ளங்கையில் கொட்டும் சத்தம்,
திரும்பக் கொட்டும் சத்தம்.
படுக்கையில் கண்ணை மூடிக் கேட்டிருப்பேன்.
அது வலித்தது என்று சொன்னால்
பாதி உண்மை.

நேற்று சுரங்கத்துச் சிநேகிதன் ஒருவனை அடக்கம் பண்ணிவிட்டு
பூட்ஸோடு வந்து தூங்கிப்போனான்.
அலமாரிப்பக்கம் போகவேயில்லை.
வெகுநேரம் காத்திருந்தேன்.
பிறகு நானே எழுந்துபோய் எண்ணினேன்,
இருட்டில், விரலால் தடவித் தடவி.
பதினேழு.
இன்னொரு தரம் எண்ணினேன்.
பதினேழுதான்.
அவன் காதில் சொல்லிவிட்டு
பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தேன்.