‘கே’ இழுப்பறை

தார்த்து நகரில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
ஆவணக் கூடத்தின் கீழ்த்தளத்தில்
ஹெல்வி ‘கே’ இழுப்பறையை இழுக்கிறாள்.
வராது. இடுப்பால் ஓர் இடி. வந்தது.

வரிசையில் கடைசி, எழுவதில் முதல், க்ராத்:
உடைந்த வாளி உடம்பு, துடைப்பக் கால்,
மூன்று சொட்டு ரத்தத்துக்கு வாங்கிய உயிர்.
“வேலை கொடு, வேலை கொடு.”
சும்மா விட்டால் எஜமான் கழுத்தைத் திருகுவான் என்று
அட்டையின் முதுகில் பென்சில் குறிப்பு.
ரொட்டியில் ஏணி கட்டு, போ, என்கிறாள்.

கத்க், கொள்ளைநோய்.
படகேறித் தீவுக்குப் போனவன்.
அவன் அட்டையில் மட்டும்
யாரோ காப்பி சிந்தியிருக்கிறார்கள்.

கொல். பிள்ளைகளை மிரட்ட.
முகம் கிடையாது;
பெயரே ஏவலாக ஒலிக்கையில் முகம் எதற்கு?

அப்புறம் கொடுகேயா,
வீடு நோக்கி நடக்கும் செத்தவன்.
வாசலில் கோடரி வை. சாம்பல் தூவு.
கூப்பிட்டால் திரும்பாதே.
நூற்றுப் பதினேழு அட்டைகள்,
அத்தனையும் விரட்டும் வழி.
வரவழைக்க ஒன்றுகூட இல்லை.

வெற்று அட்டை எடுக்கிறாள்.
கல்யு. பெய்ப்சி ஏரி, மார்ச், மெல்லிய பனி.
தூண்டிலும் முக்காலியும் கிடைத்தன.
சொன்னவர்: நான்.
வந்தானா: ஒன்பது வருஷமாகக் கதவைத் தாழிடவில்லை.

எழுத்து வரிசைப்படி
கத்க்குக்கும் முன்னால் வரவேண்டியவன்.
தெரியும். அவளுக்குத் தெரியாததா?
கொடுகேயாவின் கடைசி அட்டைக்குப் பின்னால் செருகுகிறாள்.

விளக்கை அணைக்கையில்
உள்ளே எங்கோ
ரொட்டி சரிகிற சத்தம்.
மறுபடி அடுக்குகிற சத்தம்.