எங்கேயிருந்து தொடங்குவது என்று சூன் ஹோக் கேட்டான்

புக்கிட் ரோத்தான் ஆலையில்
லோரிகளை எடைபோடும் கண்ணாடிப் பெட்டிக்குள்
அவனுக்குப் பகல், எனக்கு இரவு.
காலை ஏழுக்கு நாற்காலி கைமாறும்போது
என் பாட்டு அவன்மேல் கொஞ்சம் சிந்தும்.
இரண்டு வருடமாய்ச் சிந்தியதில்
நனைந்துவிட்டான் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
மேடையில் ஆடி அடங்குவதற்குள் கேட்டான்:
"உங்க ஆளு மொத்தம் எத்தனை படம்?"
எழுநூறைத் தாண்டும் என்றேன்.
"எழுநூறா! நான் எங்கேயிருந்து தொடங்க?"
தமிழ் தெரியாதவன், மலாயில்தான் கேட்டான்.
அரிசி மூட்டையை முதல்முறை தூக்கப்போகிறவன்
அதைச் சுற்றி வருவதுபோல இருந்தது
அவன் கேட்ட விதம்.

மேதாவித்தனத்தைக் காட்ட
எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?
கல்யாண மண்டபத்தில் போடுகிறார்களே, அது வேண்டாம்.
எல்லாரும் பிடித்துப் பிடித்து
வழுவழுப்பாகிப்போன படிக்கட்டுக் கைப்பிடி அது.
பெயர்கள் ஓடும்போது வரும் இசையில் தொடங்கு.
கதாநாயகன் இன்னும் வந்திருக்க மாட்டான்,
யாருக்கும் அவர் வழிவிட வேண்டியதில்லை.
இல்லை, ஓடாத படங்களில் தொடங்கு.
மூன்றே நாளில் பெட்டி திரும்பிய படத்துக்கும்
அதே நாற்பது வயலின், அதே வியர்வை.
இல்லையில்லை,
இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருமே, அதில்.
அங்கேதான் யாரையும் கேட்காமல்
வேலி தாண்டி அடுத்த தோட்டத்துக்குள் போய்
வேறு வழியாகத் திரும்பி வருவார்.

எடைச்சீட்டின் மஞ்சள் நகலில் எழுதிக்கொண்டான்.
மொத்தம், வண்டி, நிகரம்:
மூன்று கட்டத்தில் என் மூன்று பதில்கள்,
முதல் இரண்டும் அடித்துவிட்டு.

கடைசியில் என் பென்டிரைவையே கொடுத்தேன்.
பசார் மாலாமில்
கோய்த்தியாவ் புகைக்கு நடுவே பத்து வெள்ளிக்கு வாங்கியது.
இரண்டாயிரத்துச் சொச்சம் பாட்டு.
படம் பேர் இல்லை, வருடம் இல்லை,
எண் மட்டும், லாக்கப்பில் இருப்பவர்கள் மாதிரி.

ஒன்பது நாள் பேச்சில்லை.
பத்தாம் நாள்,
"நானூற்றுப் பன்னிரண்டு" என்றான்.
"இரண்டு நிமிடம், நாற்பது நொடி.
புல்லாங்குழலுக்கு முன்னால் ஒருத்தர்
மூச்சை இழுக்கிறார்.
அதை ஏன் வெட்டாமல் விட்டார்கள்?"

எது என்று பாடிக் காட்டச் சொன்னேன்.
தொண்டைக்குள் பேஸ் கிதாரை வாசித்தான்.
தெரியாமலா? சொல்லுக்குச் சொல் தெரியும்.
ஆனால் மூச்சா?

என் வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினொரு நிமிடம்.
கோயில் முச்சந்திப் பள்ளத்தில் மோட்டார் குதிக்கும்,
அங்கே ஒரு பாட்டில் இரண்டு நொடி போகும்.
பிறகு சங்கு. பிறகு ஹாரன்.
பிறகு வாக்கிடாக்கியில் தனபாலன்,
"எத்தனை டன், எத்தனை டன்" என்று.
முப்பத்தெட்டு வயதுக்கு
ஒரு பாட்டையும் நான்
வேறு வேலை இல்லாமல் முழுசாகக் கேட்டதில்லை.
சொற்களைப் பிடித்துக்கொண்டே
கரையோரமாக நடந்து வந்திருக்கிறேன்.
அவனுக்குப் பிடிக்கச் சொல் இல்லை,
நேரே முங்கிவிட்டான்.

இன்று ஞாயிறு. கொதிகலன் கழுவுகிறார்கள்.
பெட்டிக்குள் இரண்டு பேர், ஒரு ஸ்பீக்கர்,
பாக்கெட்டில் கட்டிய தே ஓ இரண்டு.
மேடை காலி, எடைத்திரையில் பூஜ்யம்.
நானூற்றுப் பன்னிரண்டைத் தட்டுகிறான்.

பல்லவி வந்ததும் நான் கூடவே பாடுகிறேன்,
பழக்கதோஷம்.
"உஷ்" என்கிறான்.
என் பாட்டுக்கு என்னையே.

இரண்டு முப்பது.
இரண்டு முப்பத்தைந்து.
நான் மூச்சைப் பிடித்துக்கொள்ள,
எண்ணெய் டாங்கி ஒன்று மேடையேறி
நீளமாய் ஹாரன் அடிக்கிறது.
பூஜ்யம் தடுமாறி ஆயிரங்களில் ஏறுகிறது.
சூன் ஹோக் சீட்டுப் புத்தகத்துக்குக் கை நீட்டுகிறான்.

டாங்கி எங்கேயும் போகாது, விடு, என்கிறேன்.
முதலிலிருந்து போடு.