வலப்பக்கம் இருபது

முதலில் கண்டுபிடித்தது நானல்ல, தேநீர்.
டாஷ்போர்டில் வைத்த கோப்பை
ஒவ்வொரு காலையும் இடப்பக்கமாக நகர்ந்துபோய்
ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.
டாட்மார்டனில் எதுதான் சாயவில்லை என்று
நானும் ஒரு குளிர்காலம் விட்டுவிட்டேன்.

டிஃபெண்டரை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டியவன் ஐங்கரன்.
பெயருக்கேற்ற உடம்பு, நூற்றிநாலு கிலோ.
இருக்கைக்குப் பின்னால் அவனுடைய இரும்புப் பெட்டி வேறு.
வலப்பக்கம் தணிகிறதென்று
பின் வலது சுருள்வில்லின் அடியில்
இருபது மில்லிமீட்டருக்கு ஒரு வளையம் வைத்தான்.
வண்டி நிமிர்ந்தது.
அந்த வருஷமே பெட்டியோடு லெஸ்டருக்குப் போய்விட்டான்.

கையெழுத்துப் போட்ட தாள்களில்
வீடு, சேமிப்பு, பூனை எல்லாம் இருந்தன.
வளையம் பற்றி ஒரு வரி இல்லை.

நான் ஐம்பத்தெட்டு.
அவன் எடைக்கு உயர்த்திய வில்லின் மேல் உட்கார்ந்து
இரண்டு வருஷம் மேட்டுப் பண்ணைகளுக்குப் போய்வந்திருக்கிறேன்,
ஈன முடியாத ஆடுகளிடம்,
குளம்பு அழுகியவற்றிடம்.

நொண்டியைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது:
சமதரையில் நிறுத்து. நிற்க விடு. பிறகு பார்.
மேட்டில் நிற்கும் ஆடு எல்லாமே நொண்டிதான்.

சமதரை தேடினேன்.
என் வாசல் நாலு விரல் சரிவு.
பாராக்ளஃபின் பால்கொட்டில், கழுநீர் ஓடச் சாய்த்து ஊற்றியது.
பந்துருட்டும் புல்வெளிகூட இந்த வடக்கில்
நடுமுதுகைத் தூக்கிக்கொண்டுதான் கிடக்கும்,
அதன்மேல் வண்டியை விடவும் மாட்டார்கள்.
மட்டமாய் இருந்தது கால்வாய்த் தண்ணீர் ஒன்றுதான்.

கடைசியில் பழைய நெசவாலை.
தறிகளுக்காகப் பாவிய கற்தளம்.
இப்போது அங்கே டயர் விற்கும் லிண்டன் கிரீன்வுட்
ஞாயிறு ஒருநாள் ஓரமாக இடம் தந்தார்.
ரசமட்டத்தை நாலு திசையிலும் வைத்தேன்.
குமிழி நடுவில் வந்து நின்றது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளக்கிறவளே உட்காரவும் முடியாது.
ஆகவே என் இடத்தில் இரண்டு தீவன மூட்டை,
அதன்மேல் எட்டுக் கிலோ தாது உப்பு வாளி.
பெல்ட்டும் போட்டுவிட்டேன்.
லிண்டன் எட்டிப் பார்த்து
உன்னைவிட அமைதியான ஆள் என்றார்.

சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
வலம் ஐந்நூற்றி எழுபத்தொன்று,
இடம் ஐந்நூற்றி ஐம்பத்திரண்டு.
ஆக, தேநீர் பொய் சொல்லவில்லை.

சட்டத்தைத் தூக்கி, ஷாக்கைக் கழற்றி,
அச்சைத் தாழ விட்டு, வில்லை உருவினேன்.
வளையம் சேற்றோடு கெட்டித்துக் கிடந்தது.
சுத்தியலால் மூன்று தட்டு. நாலாவதில் என் கட்டைவிரல்.
அவனைத் திட்டினேன்.
கடைசி முறை என்று சொல்லமாட்டேன்.

மாட்டி இறக்கியும் ஏழு மில்லிமீட்டர் மிச்சம்.
மூட்டையை நகர்த்தினேன். காற்றைப் பார்த்தேன். ஏழு.
பிறகுதான் உறைத்தது:
அச்சைப் பிடிக்கும் கம்பிகளின் ரப்பர் புஷ்களை
வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கியிருக்கிறான்.
தொங்கிய நிலையைத்தான் நேரென்று
ரப்பர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்கிறது.

நட்டுகளைத் தளர்த்தினேன்.
பம்பரில் ஏறி நின்று குதித்தேன்.
முன்னும் பின்னும் உருட்டினேன்.
முழுப் பாரமும் தரைமேல் இருக்க
அடியில் படுத்து மறுபடி இறுக்கினேன்.

மூன்று.
மூன்று போதும். என் தோள்களே அவ்வளவு வித்தியாசம்.

எந்தப் பக்கம் பழுது என்றார் லிண்டன், கையைத் துடைத்தபடி.
பழுது இல்லை, வேறொருவர் எடைக்குச் செய்தது என்றேன்.
பத்துப் பவுன் என்றார்.

மூட்டைகளைப் பின்னால் நடுவில் போட்டுக் கிளம்பினேன்.
வளையம் எங்கோ காலடியில் உருண்டது.
கால்வாய்ச் சாலை முழுக்கக் கோப்பை
வைத்த இடத்திலேயே இருந்தது.
வீட்டு ஏற்றத்தில் மட்டும்
நேராக என்னை நோக்கி வந்து
மடியில் கொட்டியது.
அது ஊரின் சாய்வு.
அதற்குச் சாவி என்னிடம் இல்லை.