பதினான்காம் பிரிவு

பெருங்கடை போய் நாலு பனிக்காலம்.
பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில்
எழுத்துகளின் நிழல் மட்டும்
செங்கல்லில் வெளிறி நிற்கிறது.
தள்ளுவண்டிகள் போயின, விளக்குகள் போயின.
போகாதது
என் குத்தகைப் பத்திரத்தின் பதினான்காம் பிரிவு:
இந்த வளவுக்குள் வேறெவரும்
மரக்கறி, பழம், இறைச்சி விற்கலாகாது,
இன்னும் பதினொரு வருஷத்துக்கு.

ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில்
நான் தொலைபேசி அட்டை விற்கலாம்,
சாம்பிராணி விற்கலாம்,
பிளாஸ்டிக் வாழைக்குலைகூட விற்கலாம்.
வாழைக்குலை விற்றால் வக்கீல் கடிதம்.

மேலே நாலாம் மாடி மிஸஸ் ஒகாம்போ
ஒரு வெங்காயத்துக்காக இரண்டு பஸ் ஏறுவாள்,
வோக்கரை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி.
கறிவேப்பிலையை நான்
கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருந்தேன்.
கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.
அடுத்த கதவு கஞ்சாக் கடை,
அங்கே யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

போட்டிப் பணியகத்திலிருந்து ஷந்தால் வந்தாள்,
சப்பாத்தில் வீதி உப்பின் கறையோடு.
"இது மரக்கறியா, வாசனைச் சரக்கா?"
ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தபடி கேட்டாள்.
சாப்பிடும்போது எடுத்து எறிந்துவிடுவோம் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

செத்த கடை யாரோடு போட்டி போடுகிறது
என்று நான் கேட்டேன்.
"மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர்களுடைய
அடுத்த கிளை இருக்கிறதே.
இங்கே வெங்காயம் இல்லாதவரை
அங்கே விலை சௌகரியமாக இருக்கும்."

பிறகு சட்டம் தன் நடையில் நடந்தது.
ஒரு கடிதம். ஒரு கோடை.
விசாரணை நடக்கிறது என்று சொல்ல
இன்னொரு கடிதம்.
பங்குனியில், காரணம் எதுவும் எழுதாமல்,
ஒற்றைத் தாள்:
பதினான்காம் பிரிவை இனி வலியுறுத்த மாட்டோம்.

அன்றைக்கே வான் பிடித்தேன்.
பெட்டிக்குள் அடங்காத முருங்கைக்காய்
வாசலை எட்டிப் பார்த்தது.
மிஸஸ் ஒகாம்போ வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து
ஒரே ஒரு வெங்காயம் வாங்கினாள்,
பத்தை உருட்டிப் பார்த்து.

நல்லாய்த்தான் போனது, ஆறு கிழமை.

ஏழாவது கிழமை எதிர்க் கதவில்
சவிரிமுத்து ஷட்டர் தூக்கினான். மன்னார்க்காரன்.
மீன் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.
மரக்கறியும் வைத்தான்.
வெங்காயத்தில் கிலோவுக்கு இருபது சதம் குறைத்து
பச்சைச் சோக்கால் எழுதினான்,
கொஞ்சம் பெரிதாகவே.

அன்றிரவு நித்திரை இல்லை.
விடிந்ததும் கட்டட முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன்.
அவனுடைய பத்திரத்தில் ஒரேயொரு வரி,
அவ்வளவுதான் கேட்கப்போகிறேன்.
வசனம் முழுதாக வாயில் நின்றது:
இந்த வளவுக்குள் வேறெவரும்.
ஒரு சொல் பிசகாது.
எத்தனை தடவை ஷந்தாலுக்கு வாசித்துக் காட்டியது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது.
வெளியே மிஸஸ் ஒகாம்போ
இரண்டு விலைப்பலகைகளுக்கும் நடுவில்
வோக்கரை நிறுத்திவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
அவசரமே இல்லாமல்.

ஃபோனை வைத்தேன்.
ஈரத்துணியால் என் விலையை அழித்து
அவனுடையதிலும் ஐந்து சதம் குறைத்து எழுதினேன்.
சவிரிமுத்து பார்த்துக்கொண்டுதான் நின்றான்.
சோக்கு அவன் கையிலும் இருந்தது.